தேதிக்கு விட்ட இடம்

ஊரே பார்த்துச் சிரித்த படத்தை ராஜதாஸ் மட்டும் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம், தான் வணிகப் படங்களைத் தொடுவதில்லை என்றும், விருது வாங்கிய படங்களே தன் ரசனைக்கு ஒத்துவரும் என்றும் சொல்லிவைத்திருந்தார். கடைசியாக விருதுப் படம் ஒன்றுக்குப் போனபோது இடைவேளை வரை குறட்டை விட்டதை நூலகச் செயலாளர் நேரில் கண்டிருக்கிறார். ஆனாலும் ராஜதாஸ் செங்கல் என்ற எங்கள் ஊரின் முன்னாள் வார்டு மெம்பர், இந்நாள் நூலகத் தலைவர். அப்படிப்பட்டவர் சொல்வதை எதிர்த்துப் பேச ஊரில் யாருக்கும் நேரமில்லை.

உண்மையில் அவருக்குப் பயம்.

அந்தப் படத்தை எழுதியவன் சஜின். சினிமாவில் சேரக் கொச்சிக்குப் போவதற்கு முன்னால் களியக்காவிளையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தவன். படமோ ஒரு சாவு வீட்டில் நடக்கும் கூத்து. பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “நம்ம ஊருக் காரியங்கள் எல்லாம் அப்படியே உண்டு.” அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ராஜதாஸ் பேச்சை மாற்றிவிடுவார். சஜினுக்கு மட்டுமே தெரிந்த காரியம் ஒன்று அவரிடம் இருந்தது.

அது விளங்க வேண்டுமானால் எங்கள் பக்கத்துச் சாவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் இறந்தால் சிதை அணைவதற்கு முன்பே அந்த வீட்டு முற்றத்தில் இரங்கல் கூட்டம் கூடிவிடும். அனுசோசன யோகம் என்பார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருப்பார்கள், ஒருவர் தலைமை வகிப்பார், செத்தவரின் மகன் ஈர வேட்டியோடு நின்று அத்தனையையும் கேட்டாக வேண்டும். அந்தத் தலைமை நாற்காலிதான் ராஜதாஸுக்கு எஞ்சியிருந்த சாம்ராஜ்யம். வாக்காளர்கள் அவரைக் கைவிட்ட பிறகும் இறந்தவர்கள் கைவிடவில்லை. இறந்தவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சாராயம் காய்ச்சிய ஒருவரைக் குடிசைத் தொழிலின் முன்னோடி என்று அவர் வர்ணித்தபோது விதவையே நிமிர்ந்து பார்த்தாள்.

நாற்காலிக்குப் போட்டி உண்டு. ஜங்ஷனில் யாருடைய ஆதராஞ்சலி, அதாவது அஞ்சலி பிளெக்ஸ் முதலில் ஏறுகிறதோ அவர்தான் தலைமை. எழுதி வைக்காத சட்டம். எதிர்க்கட்சி விஜயதாஸ் இதில் மகா கெட்டிக்காரன். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துசேரும்போது அவனுடைய கூப்பிய கைகள் ஜங்ஷனில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முந்தின மழையில் பெருங்கடவிளை சுந்தரனுக்கு நெஞ்சு அடைத்தது. சுந்தரன், ராஜதாஸின் மனைவி சௌதாமினியின் அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு மரச்சீனிக் கிழங்கு நட்டுத் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனிதர். சௌதாமினிக்கு உலகத்தில் முதலில் அண்ணன், அப்புறம் மகேஸ்வரம் கோயில் சிவபார்வதி, அதற்கும் அப்புறம்தான் மற்றவர்கள். கல்யாணமான புதிதில் ஒரு விருந்துப் பந்தியில் ராஜதாஸ் மச்சினரை ‘நம்ம மரச்சீனி’ என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பெருங்கடவிளைக்குப் போனவள், ஓணத்துக்குப் போய்ச் சிவராத்திரிக்குத்தான் திரும்பினாள். அந்த நாட்களில் தனக்குத் தானே கஞ்சி வைத்துக் குடித்த ருசி ராஜதாஸின் நாக்கில் இன்னும் இருந்தது.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, விளிக்க வேண்டியவர்களையெல்லாம் விளித்துவிடுங்கள் என்றார். சௌதாமினி தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில், கோயில் பிரசாதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜதாஸ் மாடிப்படிக்கு அடியில் போய் நின்று யோசித்தார். டாக்டர் சொன்னதை விஜயதாஸும் அறிந்திருப்பான். சொந்த மச்சினருடைய சாவுக்கு விஜயதாஸ் தலைமை தாங்குவதை நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. எனவே அவரும் போனை எடுத்து ஒருவரை விளித்தார். பிளெக்ஸ் கடையை.

“பேரு சுந்தரன், பெருங்கடவிளை. கர்ஷகரும் மனுஷ்யஸ்நேகியும்ணு போடு,” என்றார். மரச்சீனி நட்டவர் விவசாயியும் மனிதநேயருமாக உயர்ந்தார்.

“மரிச்ச தேதி அண்ணா?” என்று கேட்டான் சஜின்.

“தேதிக்கு எடம் விட்டு வையி. நான் விளிச்சுச் சொல்லுதேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “படம்?” என்றான்.

“அவருக்குள்ளத மேல வட்டத்துல போடு. எனக்க கைகூப்பின படம் ஒங்கிட்ட உண்டில்லா, அத கீழ பெருசாட்டு போடு.”

பிளெக்ஸ் தயாரானது. சுந்தரன் தயாராகவில்லை. மறுநாள் கண்ணைத் திறந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார். ராஜதாஸ் சுருட்டிய பிளெக்ஸை ஆட்டோவில் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்து மூலையில் எரித்தார். தன்னுடைய கைகூப்பிய படம் சுருங்கிக் கருகுவதை அன்று நின்று பார்த்தவருக்கு, நடந்தது தப்பு என்பதைவிட நல்ல டிசைன் ஒன்று வீணானதே உறைத்தது. சஜின் எங்கேயோ சினிமாவுக்குப் போய்விட்டான் என்று கேட்டபோது பெரிய நிம்மதி. சினிமா இங்கேயே திரும்பி வரும் என்பது அப்போது தோன்றவில்லை.

தியேட்டர் ஓட்டம் முடிந்து படம் ஆன்லைனில் வந்தது. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மகள் சினி, வீட்டுக்குப் புதிய பெரிய டி.வி. வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுந்தரனை அழைத்து, எல்லோருமாகப் படம் பார்ப்பது என்று அம்மாவும் மகளும் தீர்மானித்தார்கள். ராஜதாஸிடம் யாரும் கேட்கவில்லை.

சோறுண்ணும்போதே அவர் ஆரம்பித்தார். “சாவு வீட்டுக் காமெடி எல்லாம் அண்ணனுக்குப் பாக்க ஒக்குமா? நெஞ்சு சொகமில்லாத்த ஆளு.”

“சிரிச்சா நெஞ்சுக்கு நல்லதாக்கும் அளியா. டாக்டர் சொல்லியிட்டுண்டு,” என்றார் சுந்தரன். தங்கை கணவரை அளியா என்றுதான் அவர் அழைப்பார். அவிச்ச மரச்சீனியில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நெட்டு ஸ்லோவாக்கும் இங்க.”

“இன்னைக்குக் காலத்த நல்லா கிட்டிச்சே,” என்றாள் சினி.

காலையில் கிட்டியது, கை கழுவி வந்தபோது கிட்டவில்லை. மோடத்தின் ஒயரை யாரோ பிடுங்கியிருந்தார்கள். சினி அதைக் கவனிக்கவில்லை. தன் போனிலிருந்தே டி.வி.க்கு நெட் கொடுத்துவிட்டாள். ராஜதாஸ் பிடுங்கிய ஒயரை மறுபடி மாட்டவும் தைரியமில்லாமல், போய்த் தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் நேரம். கரண்ட் போகலாம். தெய்வம் நினைத்தால் ஒரு மரக்கொப்பு கம்பியில் விழலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகும் கரண்ட் அன்றைக்கு அசையாமல் நின்றது.

படம் தொடங்கியது. முதல் காட்சியிலேயே ஒரு பெரியவர் செத்தார்.

“சுகமாட்டு போய்ச் சேர்ந்தான்,” என்றார் சுந்தரன்.

ராஜதாஸ் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முறத்தில் பயறை வைத்து உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள், குனிவாள். அவள் நிமிரும்போதெல்லாம் இவரும் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார். திரையில் ஒருவர் போனை எடுத்தார். இதுதான். இல்லை, ஐஸ் பெட்டிக்குச் சொல்கிறார். இன்னொருவர் மாடிப்படியில் இறங்கினார். இதுதான். இல்லை, வழுக்கி விழுந்தார். விழுந்தவரின் வேட்டி அவிழ்ந்தது. பின்னணியில் கொம்பும் குழலும் முழங்கின.

சினி மட்டும் லேசாகச் சிரித்தாள், பிறகு சுற்றிப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“இதாக்குமா சிரிப்பு?” என்றாள் சௌதாமினி.

“வரும் அம்மா. இனியாக்கும் வருது.”

இனியாக்கும் வருது என்ற வார்த்தை ராஜதாஸின் முதுகில் ஈரத் துணி போல விழுந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் போய்விட்டால், அந்தக் காட்சி வரும் நேரத்தில் அவள் முகம் எப்படி மாறுகிறது என்பது தெரியாது. தெரியாமல் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பது இதைவிடக் கொடுமை. இருந்தார்.

பிறகு அது வந்தே விட்டது. திரையில் ஒரு கடை. சுவர் முழுக்கச் சுருட்டி வைத்த பிளெக்ஸ். கம்ப்யூட்டர் முன்னால் ஒல்லியான ஒரு பையன். கஞ்சி போட்ட கதர்ச் சட்டையோடு ஒரு தலைவர் உள்ளே நுழைகிறார்.

“சஜினுக்க பழைய கடை போலயே இருக்கு,” என்றாள் சினி.

சௌதாமினி முறத்தைக் கீழே வைத்தாள். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ராஜதாஸின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தன. ஓணமும் சிவராத்திரியும் நடுவே உள்ள மாதங்களும் அவர் கண்முன்னே வரிசையாக நின்றன. அந்த முறை அவருக்கு வயது முப்பது. கஞ்சி வைக்கத் தெம்பு இருந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். செத்தவருடைய படத்தைக் கொடுத்தார். பையன் தூக்கக் கலக்கத்தில் பக்கத்திலிருந்த வேறு படத்தைப் போட்டுவிட்டான். ஜங்ஷனில் பிளெக்ஸ் ஏறியபோது வட்டத்துக்குள் மாலையோடு இருந்தது ஒரு ஆட்டின் முகம். ஆடு கத்தியது. கூட்டம் ஓடியது. யாரோ சாக்கடையில் விழுந்தார்கள். மறுபடியும் கொம்பு.

அவ்வளவுதான். காட்சி மாறிவிட்டது.

சௌதாமினி முறத்தை எடுத்துக்கொண்டாள். சுந்தரன் சோபாவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். ராஜதாஸ் நீளமாக மூச்சு விட்டார். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் திரையை நிம்மதியாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நிம்மதி குறைந்து வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறியது. அவர் மாதிரியே ஒரு ஆள் அந்தப் படத்தில் இருந்தான். இரங்கல் கூட்டத்தில் மழை பெய்வதும் தெரியாமல் பேசுகிறவன். அவனுக்கு மொத்தமே ரெண்டு வசனம். ரெண்டும் மோசம். தானாக இருந்தால் மழையையே மேற்கோள் காட்டியிருப்பேன் என்று தோன்றியது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. சுந்தரன் விழித்துக்கொண்டார்.

“தீர்ந்தா? இதுக்காக்குமா ஊரெல்லாம் சிரிச்சு?”

சினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தியேட்டர்ல பாத்தப்போ நல்ல சிரிப்பாக்கும் மாமா. பக்கத்துல ஒரு சேச்சி கெடந்து சிரிச்சு உருண்டாவ. அவியளப் பாத்து நானும் சிரிச்சேன். இங்க பாத்தா ஒண்ணும் இல்ல.”

“அப்போ அந்தச் சேச்சிய இல்லா வாங்கி இங்க வச்சிருக்கணும், டி.வி.ய என்னத்துக்கு?” என்றார் சுந்தரன்.

எல்லோரும் சிரித்தார்கள். படம் முழுக்க ஒரு முறை கூட எழாத சிரிப்பு. ராஜதாஸுக்கு அது பிடிக்கவில்லை. தன் வீட்டில், தன் நாற்காலிக்கு எதிரே, மச்சினர் கைதட்டல் வாங்குகிறார். அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டாலே ஊரில் மைக் செட்டுக்காரன் சத்தத்தைக் கூட்டுவான்.

“குறை எங்கேண்ணு கேட்டா, அந்தச் செறுக்கனுக்கு வாழ்க்கை அனுபவம் போதாது. ஆட்டைக் காட்டினா சிரிப்பு வருமா? நம்ம நாட்டுல என்னெல்லாம் ஒள்ளதா நடந்திட்டுண்டு. அமரவிளைப் பக்கம் ஒரு ஆளு இருந்தான்.”

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ முற்றங்களில் பேசியிருக்கிறார், கேட்கிறவர்கள் இப்படி முகத்தைப் பார்த்துக் கேட்டது இல்லை.

“அவனுக்க சொந்தத்துல ஒருத்தரு ஆஸ்பத்திரியில சீரியஸ். இவன் என்ன செய்தான்? ஆளு போறதுக்கு முன்னயே ஆதராஞ்சலி பிளெக்ஸுக்கு ஆர்டர் குடுத்திட்டான். கடைக்காரன் கேக்கான், மரிச்ச தேதி என்னண்ணு. இவன் சொல்லுதான், தேதிக்கு எடம் விட்டு வையி, நான் விளிச்சுச் சொல்லுதேன்.”

சுந்தரன் ஒரு நொடி அசையாமல் இருந்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்தினார், முடியாமல் தொடையில் அடித்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. “தேதிக்கு எடம் விடு. எலே, இதாக்கும் காமெடி.” சினி கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சௌதாமினி சிரிக்கவில்லை. “ஆளு பொழைச்சாரா?”

“பொழைச்சாரு.”

“அவனுக்குப் பொண்டாட்டி உண்டா?”

“உண்டு.”

“அவ அறிஞ்சாளா?”

“இல்ல,” என்றார் ராஜதாஸ். குரல் சற்று இறங்கியது.

“அறிஞ்சிருந்தா அன்னைக்கே அவ எறங்கிப் போயிருப்பா. மனுசனா அவன்?”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு பயற்றங்காயை உடைத்தபடி. போதும், இத்தோடு போதும் என்று உள்ளே ஒருவன் சொன்னான். “காலம் கொஞ்சம் ஆயாச்சு. விடு,” என்றார்.

விட மறுத்தவர் சுந்தரன். “மக்கா சினி, அந்தச் சஜினுக்க நம்பர் ஒங்கிட்ட உண்டா? விளி. அடுத்த படத்துக்காவது ஒரு நல்ல சிரிப்பு கிட்டட்டு.”

“இப்போ வேண்டாம்,” என்றார் ராஜதாஸ். “சினிமாக்காரங்க ஞாயிற்றுக்கிழமை பிஸியா இருப்பாங்க.” பதற்றத்தில் அவருக்கு மேடைத் தமிழும் வீட்டுப் பேச்சும் கலந்து வந்தன. எழுந்து போனை வாங்கக் கையை நீட்டினார். சினி விளையாட்டு என்று நினைத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அடிக்கட்டும், எடுக்காமல் இருக்கட்டும். சாலையில் இருக்கட்டும், உறங்கட்டும், போன் தண்ணீரில் விழட்டும்.

எடுத்துவிட்டான்.

“சஜின் சேட்டா, செங்கல்ல இருந்து சினியாக்கும். படம் இப்போ பாத்தோம். கொள்ளாம், நல்லா இருக்கு.” முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள். “அப்பா ஒரு கதை சொன்னாரு, ஒங்களுக்கு ஒதவும். உசிரோட உள்ள ஆளுக்கு ஒருத்தன் பிளெக்ஸ் அடிச்ச கதை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ராஜதாஸுக்கு அந்த மௌனம் பரிச்சயமானது. முன்பு மாடிப்படிக்கு அடியில் நின்று கேட்டது.

“அண்ணன் அத வீட்டுல சொல்லியாச்சா?” என்றான் சஜின். குரலில் அப்படி ஒரு ஆறுதல். “எனக்கு இப்பளாக்கும் சமாதானம். நான் ஆர்கிட்டயும் மூச்சு விடல்ல கேட்டியா. ஸ்கிரிப்டுல அந்த சீன் இருந்தது. டைரக்டர் வாசிச்சிட்டு ஆபீஸ்ல கெடந்து உருண்டாரு. பொறவு நான்தான் வெட்டினேன். சுந்தரன் மாமா இத எங்கயாவது பாத்தா நெஞ்சு தாங்காதேண்ணு பயம். வெட்டின எடத்துல ஒண்ணும் கிட்டல்ல, ஒரு ஆட்டைப் பிடிச்சுப் போட்டேன். மாமாவுக்கு இப்போ எப்படி? சுகமா இருக்காரா?”

சினி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனின் பக்கம் குனிந்தார்.

“சுகமாட்டு இருக்கேன் மக்கா,” என்றார் சுந்தரன்.

அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை கேட்டது.

சௌதாமினி முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். ஒரு பயறு கூடச் சிந்தவில்லை. “நான் அந்த வராந்தாவுல இருந்தப்பளாக்கும், இல்லியா?” என்றாள். “தண்ணி வாங்கிட்டு வாறேன்ணு சொல்லிட்டு எறங்கிப் போனியளே. அப்பளா?”

“சௌதாமினி, ஒரு காரியம் மனசிலாக்கணும்,” என்று ராஜதாஸ் தொடங்கினார். “அன்றைய அரசியல் சூழ்நிலையில், விஜயதாஸ் போன்றவர்கள்...”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் மச்சினர் பக்கம் திரும்பினார். திட்டுவார், அடிப்பார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. சுந்தரன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளியா, எனக்க படம் எதப் போட்டிய?”

“ரேஷன் கார்டுல உள்ளது.”

“பெருசாட்டா?”

உள்ளறையில் அலமாரி திறந்தது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின. பிறகு பையின் ஜிப் சத்தம், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, நிதானமாக. ராஜதாஸ் கதவையே பார்த்தபடி நின்றார்.

“அண்ணா, செருப்பப் போடு. நானும் வாறேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சினியின் கையில் போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது. “ஹலோ,” என்றான் சஜின். “ஹலோ, அண்ணா, லைன்ல உண்டா?”